நதியைத் தடுத்த சுவர்

கடற்கரை ஊர்களில் கிணறு தோண்டுவதைப் பார்த்த நேயர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இரண்டு முழம் தோண்டினால் ஒரு முழம் மணல் சரிந்து மறுபடியும் உள்ளே வந்து விழும். அதற்காகத்தான் நம் முன்னோர்கள் சுட்ட மண் உறைகளை இறக்கினார்கள். கிணற்றுக்கு உறை போதும். ஆனால் எழுபது அடி ஆழத்தில், பல ஏக்கர் விஸ்தீரணத்தில் பள்ளம் வேண்டும். சுற்றிலும் கட்டடங்களும் தெருக்களும். கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய நதி. அப்போது என்ன செய்வது?

1960-களின் பிற்பகுதியில் நியூயார்க் நகரில் உலக வர்த்தக மையத்தைக் கட்டப் புறப்பட்ட இஞ்சினீயர்களுக்கு இந்தச் சங்கடந்தான் நேர்ந்தது. 110 மாடிக் கோபுரங்கள் இரண்டும் பாறைமேல் நிற்க வேண்டும். பாறையோ சுமார் 70 அடிக்குக் கீழே. நடுவில் இருந்ததை மண் என்று சொல்வதே உபசாரம்! ஹட்ஸன் நதியைத் தலைமுறை தலைமுறையாகத் தூர்த்து உண்டாக்கிய கரை அது. (2010-ல் அதே வளாகத்தில் வேறொரு பள்ளம் தோண்டியபோது பதினெட்டாம் நூற்றாண்டு மரக்கப்பல் ஒன்றின் பகுதி அகப்பட்டது.) ஜலத்தை இறைத்துக் கொட்டிவிடலாமென்றால், அண்டை அயல் கட்டடங்கள் அமிழ்ந்துவிடும் என்ற பயம்.

ஆகவே பள்ளம் தோண்டுவதற்கு முன்பே அதன் சுவரைக் கட்டிவிட்டார்கள். கேட்க விசித்திரமாயிருக்கிறதல்லவா? இத்தாலி தேசத்து மிலான் நகரில், 1957-ல் தொடங்கிய சுரங்க ரயில் வேலையில் பெயர் பெற்ற முறை இது.

சூட்சுமம் பெண்டோனைட் என்னும் களிமண்ணில் இருக்கிறது. ஜலத்தில் கரைத்தால் கூழாகும். அசையாமல் விட்டால் உறைந்தாற்போல் நிற்கும், கலக்கினால் இளகும். மூன்றடி அகலமுள்ள ஒரு குறுகிய அகழியை யந்திரம் தோண்டத் தோண்ட, இந்தக் கூழை அதில் நிரப்பிக்கொண்டே போவார்கள். கூழ் ஜலத்தைவிடக் கனமானது. பக்கத்து மண்ணில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, வெளிப்புறமாக அழுத்திக்கொண்டிருக்கும். மண் சரியாது. அடி தட்டியதும் இரும்புக் கம்பிக் கூட்டைக் கூழுக்குள்ளேயே இறக்கி, நீண்ட குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை விடுவார்கள். கனத்த கான்கிரீட் ஏற ஏற, கூழ் மேலே வந்துவிடும். அதை வடித்துச் சுத்தம் செய்து அடுத்த துண்டுக்கு உபயோகிப்பார்கள். சிக்கனத்தில் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சளைத்தவர்களல்ல!

இப்படித் துண்டு துண்டாகச் சுவர் வளைத்து வந்து சேர்ந்தபின், உள்ளே தோண்டினார்கள். வெளிமண் தள்ளாதபடி, சுவரைத் துளைத்து எஃகுக் கயிறுகளைச் சாய்வாகச் செலுத்திப் பாறையில் கட்டினார்கள். தோண்டிய இடத்தின் குறுக்கே சென்ற ரயில் குழாய்களைத் தாங்கிப் பிடித்து, வண்டிகளை நிறுத்தாமலே வேலை நடந்தது. இந்த அமைப்புக்கு 'ஸ்நானத் தொட்டி' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே ஜலம் நிற்பதற்கல்ல, வெளி ஜலம் வராதிருப்பதற்கான தொட்டி. நிலவறைத் தளங்கள் கட்டி முடிந்ததும் அவையே சுவரைத் தாங்கின. கயிறுகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

2001 செப்டம்பர் 11-ந் தேதி கோபுரங்கள் வீழ்ந்தபோது அந்தத் தளங்களும் நொறுங்கின. சுவர் நாதியற்று நின்றது. அது சாய்ந்தால் நதி ஜலம் குழிக்குள் புகும்; ரயில் குழாய்கள் வழியே நதிக்கு அக்கரையிலுள்ள நியூ ஜெர்ஸி வரை பாயலாம். தெற்கே லிபர்ட்டி தெருப் பக்கத்தில் சுவர் பல அங்குலம் உட்புறமாக நகர்ந்தே விட்டது. தரையில் வெடிப்புக் கண்டது. இடிபாடுகளை அகற்ற வந்தவர்கள், சில இடங்களில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது! பிறகு மறுபடியும் பாறையில் கயிறுகளைப் பூட்டினார்கள். அக்கரையில் ரயில் குழாய்களைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். சுவரை முதலில் கட்டியபோது வேலை செய்த ஜார்ஜ் டமாரோ என்னும் இஞ்சினீயரே இப்போதும் ஆலோசனை சொல்ல வந்தார். சுவர் பிழைத்தது.

எல்லாச் சுவருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ஜெர்மனியில் கொலோன் நகரத்துச் சுரங்க ரயில் வேலையில் சுவரின் ஒரு துண்டில் குறை இருந்தது. 2009 மார்ச் 3-ந் தேதி அதன் வழியே மண்ணும் ஜலமும் பாய்ந்து, நகரத்தின் புராதன ஆவணக் காப்பகம் சரிந்தது. இரண்டு வாலிபர்கள் மாண்டார்கள். பல நூற்றாண்டுகளின் ஏடுகள் சேற்றில் புதைந்தன. பூமிக்கடியில், கூழுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் கட்டப்படும் சுவரல்லவா?

சென்னையில் மெட்ரோ ரயிலின் நிலத்தடி நிலையங்களுக்கும் இதே விதமான சுவர்களைத்தான் எழுப்பினார்கள். பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு அவை தென்படுவதில்லை. நியூயார்க்கிலோ 2014-ல் திறந்த நினைவுக் காட்சிசாலையில் பழைய சுவரின் ஒரு பகுதியை மூடாமல் விட்டிருக்கிறார்கள். கரடு முரடான கான்கிரீட். அதில் வரிசை வரிசையாகக் கயிறுகளின் இரும்பு முனைகள்.