இன்வாய்ஸ் மெயில் போகலையா? பாஸ்வேர்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சம்பளத்தோட சேர்த்து சைடுல ஃப்ரீலான்ஸ் வேலையும் பார்க்கிறவங்களுக்கான பதிவு இது. பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்தே இன்வாய்ஸ் மெயில்ல போகட்டும்னு ஜிமெயிலை இணைக்கிறீங்க. பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கு. ஆனா 535-5.7.8னு எர்ரர் வருது. பாஸ்வேர்டை மாத்திப் பார்த்தாலும் அதே கதைதான்.

இங்கே சிக்கல் பாஸ்வேர்டுல இல்லை, அனுமதியில. சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வெச்சு வெளி ஆப்கள் உள்ளே நுழையுறதைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே மாசத்தோட நிறுத்திடுச்சு. உங்க சாஃப்ட்வேர்ல கூகுள் வழியா லாகின் பண்ற வசதி இருந்தா அதையே எடுத்துக்கோங்க. இல்லைன்னா 'ஆப் பாஸ்வேர்டு' வேணும். முதல்ல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணணும், அப்புறம்தான் 16 எழுத்துள்ள அந்தப் பாஸ்வேர்டை உருவாக்க முடியும். கூகுள் பாஸ்வேர்டை மாத்தினா ஏற்கெனவே உருவாக்கின ஆப் பாஸ்வேர்டெல்லாம் செல்லாமப் போயிடும். நேத்து வரைக்கும் போன மெயில் திடீர்னு நின்னா முதல்ல இதைப் பாருங்க. போர்ட் 587னா ஸ்டார்ட்-டிஎல்எஸ், 465னா எஸ்எஸ்எல். மாத்திப் போட்டா கனெக்‌ஷனே கிடைக்காது.

(ஆபீஸ் மெயில்ல இருந்து சைடு வேலைக்கு இன்வாய்ஸ் அனுப்பாதீங்க. அட்மின் தடுப்பாரோ இல்லையோ, உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒருதரம் படிச்சுப் பாருங்க.)

சொந்த டொமைன்ல மெயில் வெச்சிருக்கீங்களா? அப்போ விஷயம் இன்னும் சீரியஸ். செக் புக்கை வெச்சு சொல்றேன். யார் யார் கையெழுத்துப் போடலாம்ங்கிற லிஸ்ட்தான் எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயில்லயும் விழுற கையெழுத்து டிகேஐஎம். ரெண்டும் பொருந்தலைன்னா மெயிலை என்ன செய்யணும்னு நீங்க கொடுக்கிற உத்தரவு டிமார்க். இது எதுவுமே இல்லாம ஜிமெயில் வெச்சிருக்கிற கிளையன்ட்டுக்கு அனுப்பினா 550-5.7.26னு திரும்பி வரலாம், இல்லைன்னா ஸ்பேம்ல விழலாம். கிளையன்ட் பார்க்கலைன்னா பணமும் வராது.

நிறைய பேர் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. மெயிலுக்கு ஒரு எஸ்பிஎஃப், பில்லிங் சாஃப்ட்வேருக்கு இன்னொண்ணுன்னு ரெண்டு ரெக்கார்டு போட்டுடுவாங்க. ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா சோதனையே பிழைன்னு முடிஞ்சிடும். ரெண்டையும் ஒரே வரியில சேர்த்து எழுதுங்க.

டிமார்க் எதுக்குன்னு அலட்சியமா விடாதீங்க. "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனி இந்த நம்பருக்கு அனுப்புங்க"ன்னு உங்க டொமைன் பேர்லயே ஒருத்தன் கிளையன்ட்டுக்கு மெயில் போட்டா? பணம் போனது போனதுதான். முதல்ல 'நன்'ல வெச்சு ரிப்போர்ட்டைப் பாருங்க, உங்க மெயிலெல்லாம் தேறுதுன்னு தெரிஞ்சதும் 'குவாரண்டைன்', அப்புறம் 'ரிஜெக்ட்'. ஒரு எழுத்து மட்டும் மாத்தின போலி டொமைனை இது தடுக்காது. அதனால, அக்கவுண்ட் மாத்தச் சொல்லி எந்த மெயில் வந்தாலும் எனக்கு போன் பண்ணிக் கேளுங்கன்னு கிளையன்ட்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் உங்க சொந்த ஜிமெயிலுக்கு ஒரு இன்வாய்ஸ் அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்க. மூணுமே 'பாஸ்'னு இருக்கணும். இல்லைன்னா ரெக்கார்டை ஒருதரம் சரிபார்த்துட்டு மறுநாள் திரும்ப அனுப்பிப் பாருங்க. டொமைன் செட்டிங்ஸ்ல செய்யுற மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரமாகும்.