முளைக்காத பூவிதைக்கு யார் பொறுப்பு?

ஓணத்துக்குப் புளியரை தாண்டிக் கேந்திப்பூ போக வேண்டுமென்றால், வைகாசிக் கடைசியிலேயே தென்காசிப் பக்கம் நாற்றுவிட்டாக வேண்டும். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நேரமும் அதுதான். அந்த ஈரத்தில் முளைத்த நாற்றே அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். முளைக்காத விதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விதை சொத்தையா, வளர்த்த விதம் தப்பா என்ற வாக்குவாதத்தில் பெரும்பாலும் கடைக்காரர் பேச்சே எடுபடுகிறது. சட்டமும் இங்கே பாதி வழியில் கைவிடுகிறது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர், எண்ணெய் வித்து, காய்கனி, பருத்தி, தீவனம், சணல் விதைகளோடு நின்றுவிடுகிறது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி எண்ணெய் வித்து என்பதால் அதற்குள் வரும். கேந்தியும் ஜினியாவும் பெட்டுனியாவும் வராது. குறைந்தபட்ச முளைப்புத்திறன் இவ்வளவு இருக்க வேண்டும் என்று பூவிதைக்கு அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

மிஞ்சுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விற்பனைக்காகப் பயிரிடுபவர் நுகர்வோர் ஆவாரா என்று கேட்கலாம். தேசிய விதைக் கழக வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆவார் என்றே தீர்ப்பளித்தது. 2 ஆண்டுக்குள், குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒரு பொட்டலத்துக்காக யார் அலைவது என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் போவது பொட்டலக் காசு மட்டுமல்ல, ஓணச் சந்தையும் சேர்ந்தே போகிறது.

எல்லாப் பழியையும் விதைமேல் போடவும் முடியாது. மட்கவைக்காத தென்னை நார்க்கழிவில் உப்பும் டானினும் இருப்பதால் நல்ல விதையும் திணறும். பெட்டுனியாவுக்கு வெளிச்சம் வேண்டும், மண்போட்டு மூடினால் வராது. நித்தியகல்யாணிக்கோ இருட்டு வேண்டும். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. விதைக்கும் அன்றே 50 கேந்தி விதைகளை எண்ணி ஈரத்தாளில் சுருட்டி நிழலில் வையுங்கள். ஒரு வாரத்தில் முளைத்ததை எண்ணி, தேதியோடு படமெடுங்கள். தாளில் முளைத்துக் குழித்தட்டில் முளைக்கவில்லையென்றால் கோளாறு தட்டில். தாளிலும் முளைக்காவிட்டால் ரசீதும், குவியல் எண்ணும் காலாவதி நாளும் உள்ள பொட்டலமும், மிச்ச விதையும் கையில் இருக்கட்டும். முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், அதற்குப் பிறகு மாவட்ட ஆணையமும் இருக்கின்றன.