"நம்ம தோலுக்கு வராதுல்ல சார்?"

பத்தாம் வகுப்பில் புற்றுநோய் பற்றிய பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். கார்சினோமா, சார்கோமா, லூக்கேமியா என்று கரும்பலகையில் எழுதினேன். கார்சினோமா என்பது எபிதீலியத் திசுவில் தோன்றுவது, தோலில் வரும் புற்று அதற்கு ஓர் எடுத்துக்காட்டு என்றதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "தோல் கேன்சர் எல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தானே சார்? நம்ம தோலுக்கு வராதுல்ல? நமக்குத்தான் மெலனின் இருக்கே!" வகுப்பே சிரித்தது. "ஆமாப்பா, பெரும்பாலும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பது சில வாரங்கள் கழித்து உறைத்தது. எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவுக்குச் சிறுவயதில் அடுப்பில் விழுந்து காலில் பட்ட தீக்காயத் தழும்பு உண்டு. அந்தத் தழும்பின் நடுவே ஒரு புண். மஞ்சள் பூசினார், மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டார். ஆறுவதுபோல் இருக்கும், மறுபடி கசியும். "சுகர் இருக்கும் சார், அதான் ஆறல" என்று அவரே ஒரு காரணமும் வைத்திருந்தார். தலைமையாசிரியை விடாப்பிடியாக அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். செதிள் செல் கார்சினோமா. தோல் புற்றுநோய்தான். அறுவை சிகிச்சையும் தோல் ஒட்டும் செய்து, இன்று அவர் மறுபடி எங்களுக்குச் சாம்பார் ஊற்றுகிறார். ஆனால் அந்தப் புண் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அத்தனை நாளும் தினமும் பார்த்தவர்களில் உயிரியல் நடத்தும் நானும் ஒருவன்.

அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

மூன்று செல்கள், மூன்று நோய்கள்

தோலின் மேலடுக்கான எபிடெர்மிஸில் அடியில் இருப்பவை அடித்தளச் செல்கள். இவை பிரிந்து மேலே நகர நகரத் தட்டையாகிச் செதிள் செல்களாகின்றன. இடையிடையே மெலனோசைட்டுகள் உட்கார்ந்து மெலனினை உண்டாக்கிப் பக்கத்துச் செல்களுக்கு வழங்குகின்றன. அடித்தளச் செல்லில் தொடங்குவது அடித்தளச் செல் கார்சினோமா. இது மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது அரிது. செதிள் செல் கார்சினோமா பரவக்கூடியது. மெலனோசைட்டில் தொடங்கும் மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். மெலனோசைட் எபிதீலியச் செல் அல்ல என்பதால் மெலனோமாவைக் கார்சினோமா என்று சொல்வதில்லை. "தோலில் வருவதெல்லாம் கார்சினோமா" என்று நான் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன், அது தவறு.

செதிள் செல்கள் தோலில் மட்டும் இல்லை. வாய், உணவுக்குழாய், கருப்பை வாய் ஆகியவற்றின் உள்பரப்பிலும் அவைதான். புகையிலையால் நம் நாட்டில் இவ்வளவு பேருக்கு வரும் வாய்ப் புற்றும் பெரும்பாலும் செதிள் செல் கார்சினோமாவே. தோல் புற்றில் கற்றவை அங்கும் உதவுவதற்கு இந்த உறவே காரணம்.

கண்ணிமையில் கிடைத்த அதிர்ச்சி

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்களை (சில சமயம் சைட்டோசின்களை) ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். செல் அந்தத் துண்டை வெட்டியெடுத்துச் சரியான துண்டை வைத்துத் தைக்கிறது. இந்தப் பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது என்று விளக்கியதற்காகத்தான் அஜீஸ் சான்ஜார் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே இந்த வசதி பழுதான குழந்தைகளுக்கு வரும் நோய் சீரோடெர்மா பிக்மென்டோசம். அவர்களுக்குப் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்று வரலாம். பழுதுபார்க்காமல் விட்டுப்போன இடங்கள் சடுதிமாற்றங்களாக நிலைத்துவிடுகின்றன. அவற்றில் புறஊதாக் கதிருக்கே உரிய ஒரு தடம் இருக்கும். 1991-இல் டக்ளஸ் பிராஷ் குழுவினர் செதிள் செல் புற்றுகளின் பி53 மரபணுவில் அந்தத் தடத்தைக் கண்டனர். குற்றம் நடந்த இடத்தில் கைரேகை கிடைத்த மாதிரி.

என்னைத் திகைக்க வைத்தது 2015-இல் வெளிவந்த வேறொரு ஆய்வு. இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் நிறுவனத்தில் இனிகோ மார்ட்டின்கொரேனாவும் அவர் குழுவினரும், தொங்கும் கண்ணிமையைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுக்கப்பட்ட தோலை நான்கு பேரிடமிருந்து பெற்றார்கள். எந்தப் புற்றும் இல்லாத, பார்வைக்குச் சாதாரணமான தோல். அதிலிருந்து 234 சிறு துணுக்குகளின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தினார்கள். செல்களில் கால் பங்குக்கும் மேல் புற்றைத் தூண்டக்கூடிய சடுதிமாற்றம் ஏதேனும் ஒன்றையாவது ஏற்கெனவே சுமந்திருந்தது! மூன்று ஆண்டுகள் கழித்து உணவுக்குழாயிலும் இதே போன்ற நிலையைக் கண்டார்கள். நடுவயதுக்காரர்களின் நலமான உணவுக்குழாய்ப் பரப்பில் பாதிக்கும் மேலான இடத்தை மாற்றமடைந்த செல் கூட்டங்கள் பிடித்திருந்தன.

அப்படியானால் 'ஒரு மரபணு மாறினால் புற்று' என்று பாடத்தில் எளிமையாகச் சொல்கிறோமே? அது போதாது. மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும், சுற்றியுள்ள திசுவும் நோயெதிர்ப்பு மண்டலமும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பாதி வழி வந்துவிட்ட செல்லுக்கு மேலும் ஓர் அடி விழாமல் பார்த்துக்கொண்டால் பலன் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வெயில் தடுப்புக் களிம்பைத் தினமும் பூசினர், மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தனர். தினமும் பூசியவர்களிடம் செதிள் செல் புற்றுகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அடித்தளச் செல் புற்றில் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பின்தொடர்ந்து பார்த்து 2011-இல் வெளியிட்ட முடிவில், பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் புதிதாக மெலனோமா வந்திருந்தது. இது வெள்ளைத் தோலினரிடம் செய்த ஆய்வு. அதை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டி

இந்தக் கதையை எந்த வகுப்பிலும் சொல்லலாம். ஆறாம் வகுப்பிலேயே சொல்லிப் பார்த்தேன், மணி அடித்தும் யாரும் எழவில்லை.

1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆடு வளர்ப்பவர்கள் மிரண்டு போனார்கள். நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. வேளாண் துறை அறிவியலாளர்கள் மந்தையோடு மந்தையாக அலைந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சினையாடு, கருவுற்ற 14-ஆம் நாள் வாக்கில் மலைச்சரிவில் விளையும் வெரட்ரம் என்ற செடியைத் தின்றால் குட்டி அப்படிப் பிறக்கிறது. செடியிலிருந்த பொருளுக்குச் சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸின் பெயர் அது. அத்தோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது.

வேறோரிடத்தில், ஜெர்மனியில், கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈக்களில் சடுதிமாற்றங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மரபணு கெட்டால் ஈயின் புழு உடம்பெல்லாம் முள்ளாக, முள்ளெலி போல் ஆகிவிட்டது. அதனால் அந்த மரபணுவுக்கு 'முள்ளெலி' என்ற பொருளில் ஹெட்ஜ்ஹாக் என்றே பெயர் வைத்தார்கள். அது 1980. கரு வளரும்போது எந்தச் செல் எங்கே எதுவாக வேண்டும் என்று சொல்லும் செய்தித் தொடரில் அது ஒரு கண்ணி. மனிதரிலும் அதே தொடர் உண்டு.

1996-இல் இரண்டு கதையும் தோலில் வந்து சேர்ந்தன. குடும்பவழியாக ஏராளமான அடித்தளச் செல் புற்றுகள் வரும் கோர்லின் நோய்க்குறியில் கெட்டுப்போயிருப்பது இந்தத் தொடரின் தடுப்புக்கட்டையான ஒரு மரபணு என்று தெரிந்தது. தடுப்பு போனதால் கருவோடு அடங்க வேண்டிய செய்தி, வளர்ந்தவரின் தோலில் ஓயாமல் 'வளர், வளர்' என்று ஒலிக்கிறது. அந்தச் செய்தியை நிறுத்தும் பொருள் ஏற்கெனவே கையில் இருந்தது. ஐடஹோ மலைச்செடியின் சைக்ளோபமைன் செய்வது அதைத்தான்! அதே வழியில் செயல்படும் விஸ்மோடெகிப் என்ற மாத்திரைக்கு, அறுவை சிகிச்சையால் தீர்க்க முடியாத அடித்தளச் செல் புற்றுக்காக 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முடி கொட்டும், நாக்கில் சுவை போகும், தசை பிடித்துக்கொள்ளும். கருவுற்றவர்கள் தொடவே கூடாது. ஏன் என்று கேளுங்கள், மாணவர்களே ஆட்டுக்குட்டியைச் சொல்லிப் பதில் தருவார்கள்.

பிரேக்கை விடுவித்தல்

உடல் முழுதும் பரவிய மெலனோமா என்றால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பலருக்கு ஓராண்டுகூட இருக்காது. நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டுப்படுத்தி வைக்கும் புரதங்கள் உண்டு. அவை வாகனத்தின் பிரேக் மாதிரி. ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் தனித்தனியாக இரண்டு பிரேக்குகளை ஆராய்ந்து, அவற்றை விடுவித்தால் உடலே புற்றைத் தாக்கும் என்று காட்டினர். 2018-இல் நோபல் பரிசு. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து விடுவிக்கும் மருந்துகளைப் பெற்ற மெலனோமா நோயாளிகளில் 43 சதவீதத்தினர் பத்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்ததாக 2024-இல் முடிவு வந்தது.

தோல் புற்றுகளில் இது நன்றாகப் பலிப்பதற்குக் காரணம் உண்டு. புறஊதாக் கதிர் அவற்றில் சடுதிமாற்றங்களை வாரி இறைத்திருக்கிறது. மாற்றம் கூடக் கூட, உடலுக்கு அந்நியமாகத் தெரியும் புரதங்களும் கூடும். நோயைத் தந்த அதே வெயில்தான் நோய் செல்லை அடையாளம் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. செதிள் செல் தோல் புற்றுக்கும் 2018 முதல் செமிப்லிமாப் என்ற மருந்து உண்டு. 79 நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளியானது. அறுத்து எடுத்த இடத்தில் பாதிப் பேருக்கு உயிருள்ள புற்றுச் செல்லே இல்லை. முகத்தில் மூக்கையோ கண்ணையோ இழக்க வேண்டியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! விலைதான் சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. அதனால் நமக்கு முன்னதாகவே கண்டுபிடிப்பதுதான் இன்னும் சிறந்த மருந்து.

நம் தோலில் எங்கே பார்ப்பது?

அந்த மாணவன் சொன்னது ஒரு பாதி சரி. மெலனின் கூடுதலாக உள்ளவர்களுக்கு வெயிலால் வரும் தோல் புற்று மிகக் குறைவு. ஆனால் வெயில் மட்டுமே காரணம் அல்ல. நம்மிடம் அது வரும் வழியும் இடமும் வேறு.

முதலாவது, ஆறாத புண்ணும் பழைய தழும்பும். எங்கள் அக்காவுக்கு வந்தது இதுதான், மார்ஜோலின் புண் என்று பெயர். தீக்காயம் பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தும் வரலாம். காஷ்மீரில் குளிருக்காக மேலாடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கனல் சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் இதே செதிள் செல் புற்று வருகிறது. நம் ஆசிரியைகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் கறுப்புத் தடம் விழும். அங்கே புண்ணாகிப் புற்றாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி மகாராஷ்டிரா, பீகார் மருத்துவர்கள் 2024-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இது மிக அரிது, பயப்பட வேண்டாம். நாடாவைத் தளர்த்துங்கள், இடத்தை மாற்றிக் கட்டுங்கள். அந்தத் தடத்தில் ஆறாத புண் இருந்தால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

இரண்டாவது, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. கறுத்த தோலினருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. பாடகர் பாப் மார்லி கால் விரல் நகத்தடியில் வந்த மெலனோமாவால் 1981-இல் 36 வயதில் இறந்தார். வெயிலால் வராததால் இவ்வகையில் சடுதிமாற்றம் குறைவு. அதனால் பிரேக் விடுவிக்கும் மருந்தும் மற்றவற்றைப் போல் பலிப்பதில்லை. பாதத்தில் பரவிக்கொண்டே போகும் கரும்புள்ளியையும், நகத்தில் அகலமாகிவரும் கருங்கோட்டையும் அடிபட்ட ரத்தக்கட்டு என்று விட்டுவிடக் கூடாது.

கைப்பேசியில் படமெடுத்தால் தோல் புற்றைச் சொல்லிவிடும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. 2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பல நிறத் தோல்களின் படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, கறுத்த தோலில் அவை தடுமாறின. கற்றுக்கொடுத்த படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுடையவை. பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வியைத் தேர்வில் கேட்ட கதைதான். இப்போதைக்கு மருத்துவரின் கண்ணையே நம்பலாம்.

மூன்றாவது, மெலனினே இல்லாத நம் பிள்ளைகள். அல்பினிசத்தோடு பிறந்த மாணவரை ஊரில் 'வெள்ளைக்காரன்' என்று கூப்பிடுவார்கள். பார்வைக் குறைவும் இருப்பதால் முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறோம், அது சரி. ஆனால் அதே பிள்ளையைக் காலை வணக்கக் கூட்டத்தில் வெறுந்தலையோடு வெயிலில் நிறுத்துகிறோம். தான்சானியாவில் அல்பினிசம் உள்ள பலர் இளம் வயதிலேயே செதிள் செல் புற்றுக்குப் பலியாவதைக் கண்டு, மோஷி நகரத் தோல் மருத்துவப் பயிற்சி மையத்தில் அவர்களுக்கென்றே உள்ளூரில் வெயில் தடுப்புக் களிம்பு தயாரிக்கிறார்கள். நாம்பூர் ஆய்வின் பாடம் முழுதாகப் பொருந்துவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருக்கிறார். இப்போது அவர் வகுப்பு வணக்கக் கூட்டத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது, அவர் மட்டுமல்ல, முழு வகுப்பும். தனியாக அவரை நிறுத்தினால் அது வேறு வகைத் தண்டனையாகிவிடும் என்று உடற்கல்வி ஆசிரியர்தான் சொன்னார். விளையாட்டுப் பாடவேளையைக் கடைசிப் பீரியடுக்கு மாற்றினோம். முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் போட அனுமதி உண்டு. அந்தப் பத்தாம் வகுப்பு மாணவனையும் கூப்பிட்டு, "அன்னிக்கு நான் சொன்ன பதில் தப்புப்பா" என்று சொல்லிவிட்டேன். "அப்ப எங்க பாட்டி காலைப் பார்க்கணும் சார், ரொம்ப நாளா ஒரு புண்ணு இருக்கு" என்றான்.