அரச பணிக்குக் கட்டடக்கலை மாணவரை ஆயத்தஞ் செய்தல்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கட்டடக்கலை என்றதும் செல்வர் மனைகளும் உல்லாச விடுதிகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின் பெரும்பாலான மக்கள் கட்டடக் கலைஞரின் பணியை எதிர்கொள்வது பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் சந்தையிலுமே. இவற்றைக் கட்டுவிப்பது அரசு. எனவே அரச சேவைக்குரிய கட்டடக் கலைஞரை எவ்வாறு உருவாக்குவது என்பது கல்வி வினா மட்டுமன்று, சமூக வினாவுமாகும்.

கட்டுபெத்தையில் 1960களில் வேரூன்றிய கட்டடக்கலைக் கல்வி, 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. அதே ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபையும், 1979 இல் தேசிய வீடமைப்பு அதிகார சபையும் தோன்றின. அரசு பெரும் கட்டுநராக வளர்ந்த காலம் அது.

குடாநாட்டின் சிறந்த பொதுக் கட்டடமான யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959 இல் திறக்கப்பட்டது. நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார்; சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தார். தேவையை அறிந்தவரும் வரைபவரும் ஒன்றிணைதலே பொதுப்பணியின் முதற்படி என்பதை இது உணர்த்துகின்றது. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது மக்கள் அடைந்த துயரம், பொதுக் கட்டடம் எவருடைய உடைமை என்பதையும் காட்டிற்று.

இரண்டாவது, மண்ணறிவு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; சுண்ணக்கற் பாறையுள் தங்கும் நிலத்தடி நீரே வாழ்வாதாரம். வெடிப்புகள் நிறைந்த அப்பாறையினூடாக மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றை எளிதில் அடையும். கொழும்பில் வரைந்த மாதிரிப் படத்தை இங்கு அப்படியே நாட்டுதல் பிழையாகும்.

மூன்றாவது, துணிந்து மதிப்பிடும் ஆற்றல். போரின் பின் வடக்கு, கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. செலவு மிகுதி, வெப்பம், திருத்த வேலையின் அருமை, உள்ளூர் மேசன்மாரும் தச்சரும் வேலையிழத்தல் ஆகியன சுட்டப்பட்டு அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இத்தகைய வேளையில் மக்கள் சார்பில் கணக்கைப் படித்து 'இது பொருந்தாது' என எழுதத்தக்க அதிகாரியே நமக்குத் தேவை.

ஆகவே மாணவர் ஒரு தவணையேனும் பிரதேச சபையில் பணிபுரிதல் வேண்டும். மதிப்பீடு, கேள்விப்பத்திரம், பராமரிப்பு ஆகியவற்றைப் பயிலல் வேண்டும். ஆங்கிலத்திற் கற்றதைக் கிராமத்தவருக்குத் தமிழில் விளக்கப் பழகுதல் வேண்டும். தாம் வரைந்த கட்டடத்தைப் பத்தாண்டுகளின் பின் சென்று பார்க்கும் மனப்பாங்கே அரச கட்டடக் கலைஞரின் உண்மையான தகைமை என நாம் கருதுகின்றோம்.