சிங்கப்பூர் எத்தனை மணி தூரம்?

சிங்கப்பூரில் இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் திருச்சியில் 11.30-க்கு இறங்கும் என்று டிக்கெட் சொல்லும். திருச்சியில் காலை 10 மணிக்குப் புறப்பட்டாலோ, அங்கே இறங்கும்போது மாலை 4.30. போக ஆறரை மணி. வர ஒன்றரை மணியா? தாராசுரம் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றோர் பலர். ஊர் திரும்பும் பிள்ளையை அழைத்துவர வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்பதற்கும் இக்கணக்கு தேவைப்படுகிறது.

முதலில் தூரத்தைக் காண்போம். தாராசுரத்திலிருந்து திருச்சி விமான நிலையம், பாபநாசம், தஞ்சை வழியாகச் சாலையில் சுமார் 90 கி.மீ.; நேர்கோட்டில் 75 கி.மீ.க்கும் குறைவு. விமானம் ஏறக்குறைய நேர்வழியில் செல்வதால், அதன் தூரத்தை நிலப்படத்தைக் கொண்டே அறியலாம்.

திருச்சி விமான நிலையம் 10.8 பாகை வட அட்சரேகையிலும் 78.7 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. சிங்கப்பூர் விமான நிலையத்துக்கு இவை 1.4, 104.0. வேறுபாடுகள் 9.4, 25.3 பாகைகள். பூமத்திய ரேகையருகே ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ. எனவே தெற்கே 1,040 கி.மீ., கிழக்கே 2,790 கி.மீ. (இங்கே கிழக்கு மேற்காக ஒரு பாகை சற்றுக் குறைந்து 110.4 கி.மீ.). இவற்றைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், பிதாகரஸ் தேற்றப்படி கர்ணம் சுமார் 2,980 கி.மீ.

லண்டன்–ரோம் தூரத்துக்கு இதே 110-ஐப் பயன்படுத்தக் கூடாது. 50 பாகை அட்சரேகையில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால், ஒரு பாகை 71 கி.மீ.தான். மிக நீண்ட தூரங்களுக்குப் பூமியின் உருண்டை வடிவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி நேரம். மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் 2,980 கி.மீ. கடக்க 3 மணி 35 நிமிடம் ஆகும். ஏறுவதிலும் இறங்குவதிலும் வேகம் குறைவு. ஓடுபாதைக்குச் செல்லவும் நேரமாகும். ஆக, சுமார் 4 மணி.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காகக் கடுங்காற்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி விளக்கி எழுதினார். காற்றின் வேகம் வழிநெடுக 50 கி.மீ. என்று கொண்டால், திரும்பி வரும் விமானம் செல்லும் விமானத்தைவிட 26 நிமிடம் முந்தும்.

ஆனால் டிக்கெட்டில் தெரியும் ஐந்து மணி வேறுபாடு காற்றால் வந்ததன்று, கடிகாரத்தால் வந்தது. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. சிங்கப்பூர் நேரம் 1982 முதல் 8 மணி முந்தியது. இடைவெளி இரண்டரை மணி. போகும்போது 4-உடன் இரண்டரையைக் கூட்டுகிறோம், வரும்போது கழிக்கிறோம். அவ்வளவே.

இரவு 10 மணியுடன் நான்கைக் கூட்டி, 2 மணிக்குப் போனால் போதும் என்றிருப்பவர், பிள்ளையை இரண்டரை மணி நேரம் காக்க வைப்பார். டிக்கெட்டிலுள்ள இறங்கும் நேரம் திருச்சி நேரமே. அதில் எதையும் கூட்ட வேண்டாம்.

மாணவர்கள் திருச்சி–கொழும்பு தூரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கொழும்பு விமான நிலையம் 7.2, 79.9. விடை 420 கி.மீ.க்கு அருகில் வரவேண்டும்.