'எவிக்ட்' என்ற சொல்லுக்குள் ஒரு வழக்கு

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆங்கிலத்தில் வரும் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் சொல் 'எவிக்ட்'. தோட்டத்து வீடானாலும் பட்டணத்து வாடகை வீடானாலும், அந்தச் சொல்லைக் கண்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மூட்டை கட்டத் தொடங்குபவர்கள் உண்டு. ஆனால் அச்சொல்லின் வேரில் இருப்பது வழக்கும் தீர்ப்பும்தான்.

'வெல்' என்பதே வேர்ப்பொருள்

லத்தீன் மொழியில் 'வின்கெரே' என்றால் வெல்லுதல். அதன் முன் 'எ' சேர்ந்தால் 'எவின்கெரே', அதாவது முற்றாக வெல்லுதல். அதிலிருந்து வந்ததே 'எவிக்ட்'. தமிழில் 'வெல்' என்பதிலிருந்து 'வெற்றி' பிறந்ததுபோல், 'விக்டரி', 'கன்வின்ஸ்', 'கன்விக்ட்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே 'வின்கெரே'யின் பிள்ளைகள்.

ரோமானியச் சட்டத்தில் 'எவிக்டியோ' என்றொரு சொல் இருந்தது. ஒருவர் விலை கொடுத்து வாங்கிய பொருளை, அது தன்னுடையது என்று மூன்றாமவர் வழக்காடி வென்று எடுத்துக்கொள்வதையே அது குறித்தது. அப்படி நடந்தால், விற்றவர் வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும், சட்டத்தின் வழியாகச் சொத்தை மீட்பதையே இச்சொல் குறித்தது. ஆளை வெளியேற்றுதல் என்ற பொருள் பின்னரே சேர்ந்தது.

'எக்ஸ்பெல்' என்பது வேறு. அதன் வேரான 'பெல்லெரே' தள்ளுவதைக் குறிக்கும். தள்ளுவதற்கு வலிமை போதும். வெல்வதற்கு வழக்கு வேண்டும்.

தமிழில் 'காலி செய்' என்கிறோம். மலாய்க் கடிதங்களில் வரும் 'கோசோங்கான்' என்பதும் அதுவே. ரொட்டி கோசோங்கில் உள்ள அதே 'கோசோங்'. இரண்டும் வீடு வெறுமையாவதை மட்டுமே சொல்கின்றன. வழக்கு உண்டு என்ற செய்தி அவற்றில் இல்லை.

மலேசியச் சட்டத்தில்

அந்தப் பழைய பொருள் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. மலாயில் 'அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக் 1950' எனப்படும் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரிடமிருந்து வீட்டை மீட்க, உரிமையாளர் நீதிமன்றம் வழியாகவே செல்ல வேண்டும். அவராகவே பூட்டை மாற்றி ஆளை வெளியே நிறுத்த முடியாது.

வேலையோடு கிடைத்த தோட்டத்து வீட்டின் நிலை வேறாக இருக்கலாம். அது வாடகையா, வேலையில் இருக்கும்வரை தங்கக் கொடுத்த அனுமதியா என்பதைப் பொறுத்து உரிமையும் மாறும். எனவே, எதிலும் கையெழுத்திடும் முன் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ ஆலோசனை கேட்பது நல்லது.

கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், அது கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். நீதிமன்றச் சம்மன் வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். எதிர்த்தரப்பு வராத வழக்கில் வெல்வது எளிது.

கடிதம் அனுப்பியவர் இன்னும் வெல்லவில்லை. அந்தச் சொல்லே அதைத்தான் சொல்கிறது.