ஓர் உபாத்தியாயினியின் வழக்கு

அமெரிக்காவில் ஓஹியோ ராஜ்யத்தைச் சேர்ந்த க்ளீவ்லாண்ட் நகரத்தின் கல்விச் சபையார் 1952-ஆம் ஆண்டில் வகுத்த விதியொன்று, கர்ப்பமுற்ற உபாத்தியாயினி எவராயினும், அவர் எவ்வளவு திடகாத்திரமாக இருப்பினும், பிரசவத்துக்கு ஐந்து மாதம் முன்னதாகவே சம்பளமில்லாத விடுப்பில் போய்விட வேண்டுமென்று கட்டளையிட்டது. மாணவர்கள் பார்த்து நகைப்பார்களே என்ற அச்சமும் அவ்விதி பிறந்ததற்கு ஒரு காரணமென்று அந்நாளைய அதிகாரி ஒருவரே பின்னர் சாட்சியம் அளித்தார்.

போவதைக் காட்டிலும் திரும்பி வருவதுதான் கஷ்டம். குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்து, அதற்கப்பால் அடுத்த செமஸ்டர் தொடங்கும் வரையில் பள்ளிக்கு வரலாகாது. வைத்தியரின் சர்ட்டிபிகேட்டும் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் நியமனத்தில் முன்னுரிமை உண்டேயன்றி வேலை நிச்சயமில்லை. செமஸ்டர் தொடங்கிய மறுநாள் குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்ததென்றால், அந்தத் தாய்க்கு அரையாண்டுச் சம்பளம் போயிற்று! இதை விதி என்பதா, தண்டனை என்பதா?

லஃப்ளூர் என்னும் உபாத்தியாயினிக்கு ஜூலையில்தான் பிரசவம். கல்வியாண்டை முடித்துவிட்டே செல்ல விரும்பிய அவரை 1971 மார்ச்சிலேயே அனுப்பிவிட்டார்கள். அவர் தொடுத்த வழக்கு கீழ்க்கோர்ட்டில் தோற்று, அப்பீலில் வென்று, சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது. 1974 ஜனவரி 21 அன்று, ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. ஒவ்வொருவருடைய தேகநிலையையும் தனித்தனியே விசாரியாமல், மறுத்துரைக்க இடமும் தராமல், எல்லோரையும் அசக்தர்களென்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தத்துக்கு விரோதமென்றும், வைத்தியர் சான்றே போதுமானதாயிருக்கக் குழந்தையின் வயதைக் கொண்டு தாயின் தகுதியை அளப்பது நியாயமன்றென்றும் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார்.

அதே தீர்ப்பில், வர்ஜீனியாவின் செஸ்டர்ஃபீல்ட் மாவட்டத்து விதியில் கட்டாய விடுப்பு ரத்தாயிற்று. வேலைக்குத் திரும்பும் ஷரத்தோ நிலைத்தது. சர்ட்டிபிகேட் தந்தால், அடுத்த கல்வியாண்டின் முதல் நாளுக்குள் வேலை நிச்சயம் என்ற மட்டில் அது நல்ல ஷரத்துதான். ஆனால், குழந்தையைப் பராமரிப்பதால் உத்தியோகத்துக்கு அதிக இடையூறு நேராதென்று தாய் உறுதி கூற வேண்டுமென்பதும் அதில் அடக்கம். தாயிடம் மட்டும் கேட்கப்பட்ட அந்த உறுதிமொழியையும் கோர்ட்டார் தள்ளியிருக்க வேண்டுமென்பதே என் திடமான அபிப்பிராயம்.

கர்ப்பத்தைக் காரணமாகக் கொண்டு உத்தியோகத்தில் பாரபட்சம் காட்டலாகாதென்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது 1978-இல்தான்.